வேடிக்கைப் பெயர்களின் வேலை

நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில் போச்சம்பள்ளி சிப்காட் இருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி என்று நெடுஞ்சாலையிலேயே போனால் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியும் வந்துவிடும். இந்த வட்டாரத்திலிருந்து மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளைகள், எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்காத சொற்களை அங்கே கேட்கிறார்கள்: ஹைசன்பக், யோடா கண்டிஷன், ஸ்பகெட்டி கோட். வேலையற்றவர்களின் விளையாட்டுப் பேச்சு என்று பெரியவர்கள் பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முறையான பெயர் கிடைக்காத தொல்லைகளுக்கு, அவற்றோடு மல்லுக்கட்டியவர்களே சிரித்துக்கொண்டு வைத்த பெயர்கள் இவை. பாடத்தைப் போலவே இவற்றையும் சொல்லித்தர வேண்டும்.

ஹைசன்பக்கையே பார்ப்போம். இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரையும், நிரல் பிழையைக் குறிக்கும் பக் என்ற சொல்லையும் ஒட்டிச் செய்தது இது. தேடப் போனால் மறைந்துவிடும் பிழை என்று பொருள். இதில் மாயம் ஒன்றும் கிடையாது. பிழையைப் பிடிக்க ஒரு கருவியை இயக்கினாலோ, நடுவில் ஒரு வரியைச் சேர்த்தாலோ நிரலின் வேகம் மாறுகிறது. ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் ஒன்றையொன்று முந்தும் வரிசையும் மாறுகிறது. பிழையை உண்டாக்கிய அந்தத் தற்செயல் கூட்டு கலைந்துபோகிறது. டேண்டம் நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே, கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஆராய்ந்து 1985-ல் எழுதிய அறிக்கையில் இந்தப் பெயரைக் கையாண்டார். எப்போதும் ஒரே இடத்தில் தவறாமல் தலைகாட்டும் பிழைக்கு, இன்னொரு இயற்பியலாளரான நீல்ஸ் போரின் பெயரால் போர்பக் என்று பெயர். அச்சு வரிசையைக் கவனிக்கும் ஒரு நிரலில் பதிவான 132 கோளாறுகளில் ஒன்றுதான் போர்பக் என்று கிரே காட்டினார். மற்றவை மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் வராதவை என்பதால், விழுந்த நிரலின் வேலையை ஒரு மாற்று நிரல் உடனே ஏற்றுக்கொண்டால் போதும் என்ற முடிவுக்கு அது வலு சேர்த்தது. இரண்டு வகைப் பிழைகளையும் தனித்தனியே பிரித்துப் பேச அவருக்குக் கைகொடுத்தவை இந்த வேடிக்கைப் பெயர்கள்தான்.

புரியாத சொல்லை வீசி அறியாமையை மறைப்பவர்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. அவர்களைக் கேலி செய்ததும் பொறியாளர்களே. 1944-ல் பிரிட்டிஷ் மின்பொறியாளர் சங்கத்தின் மாணவர் இதழில், டர்போ என்காபுலேட்டர் என்ற இல்லாத இயந்திரத்தை இல்லாத உதிரிப்பாகங்களின் பெயர்களாலேயே விவரித்து ஒரு கட்டுரை வந்தது. விளக்கம் கேட்டால் அதில் ஒன்றும் மிஞ்சாது. ஹைசன்பக் அப்படியல்ல, கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: இந்தச் சிரிப்பு யாருக்கானது? நிரலில் ஒரு மாறியை எண்ணோடு ஒப்பிடும்போது மாறியை முன்னால் எழுதுவதுதான் வழக்கம். எண்ணை முன்னால் வைத்து எழுதினால் அது யோடா கண்டிஷன். இரண்டு சமக்குறிகளில் ஒன்று விடுபட்டாலும் கணினி ஏற்க மறுத்து நம்மைக் காப்பாற்றும் என்பது அதன் பயன். ஸ்டார் வார்ஸ் படத்து யோடா, ஆங்கிலச் சொற்களை முன்பின்னாக மாற்றிப் பேசுவார் என்பது தெரிந்தவருக்கே இதில் சிரிப்பு. தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு, சொல் இடம் மாறுவது தன் பேச்சிலேயே அன்றாடம் நடப்பது. சிரிக்க என்ன இருக்கிறது? எல்லோரும் சிரிக்கும்போது விளங்காமல் உட்கார்ந்திருப்பவர், அடுத்து ஒரு உண்மையான சந்தேகம் வந்தாலும் கேட்கத் தயங்குவார். இந்த இழப்பு பெரிது. ஆனாலும் சொல்லைத் தடுப்பது இதற்கு மருந்தாகாது. அரியர் விழுந்தால் "கப்பு வாங்கிட்டான்" என்றும், பிராஜெக்ட் இல்லாமல் காத்திருந்தால் "பெஞ்ச்ல இருக்கான்" என்றும் பேசும் நம் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் திறமையில் குறைவில்லை. அடுத்தவர் வைத்த பெயருக்கு விளக்கம் கிடைப்பதில்தான் குறை. 1975-ல் ஸ்டான்ஃபோர்டில் ராஃபேல் ஃபிங்கல் இத்தகைய சொற்களைப் பொருளோடு தொகுக்கத் தொடங்கினார். 1983-ல் அது புத்தகமாக வந்தபின், ஸ்டான்ஃபோர்டை எட்டிப் பார்த்திராதவர்களும் படித்தார்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஒரு குழு, தான் புழங்கும் சொற்களுக்கு அப்படியொரு பட்டியல் எழுதிப் புதிதாகச் சேருபவர் கையில் கொடுக்க ஒரு பிற்பகல் போதும்.