சாக்கடைக்குப் போன தண்ணீரில் காசு!
வடிந்ததைப் பிடித்துத் தக்காளி வளர்க்கும் ஹாலந்து

தக்காளிச் செடிக்கு மண் வேண்டாம். ஊற்றிய தண்ணீர் வடிந்தால் அதையும் விடக்கூடாது. பிடித்து மறுபடி செடிக்கே ஊற்ற வேண்டும்! ஹாலந்து நாட்டில் இப்படித்தான் வெள்ளாமை நடக்கிறது.

ஹேக் நகருக்கும் ராட்டர்டாம் துறைமுகத்துக்கும் நடுவில் உள்ளது வெஸ்ட்லாந்து. எங்கு பார்த்தாலும் கண்ணாடிக் கூடாரங்கள். "கண்ணாடி நகரம்" என்றே பட்டப் பெயர். உள்ளே கயிற்றைப் பிடித்து ஏறி நிற்கின்றன தக்காளிக் கொடிகள். நல்ல கூடாரத்தில் ஒரு சதுர மீட்டரில் வருஷத்துக்கு 50 கிலோகூடக் காய்க்கும்.

பொள்ளாச்சி சரக்கு

மண் இல்லாமல் வேர் எதில் நிற்கிறது? பாறையை உருக்கி நூலாக இழுத்த "கல் பஞ்சில்". அல்லது தேங்காய் நார்த்தூள் அடைத்த பையில். இப்படி ஐரோப்பாவுக்குப் போகும் நார்த்தூளில் நம்ம பொள்ளாச்சி சரக்கும் உண்டு! நார் எடுத்தது போக மிஞ்சும் தூளை உப்புப் போகக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்திக் கப்பல் ஏற்றுகிறார்கள்.

உரமும் ஓடியது

இந்தப் பையில் சத்து கிடையாது. உரம் முழுவதும் தண்ணீரில் கரைந்து சொட்டுக் குழாயில் வருகிறது. பையில் உப்பு தங்காமல் இருக்க, செடி குடிப்பதைவிடக் கூடுதலாகவே விடுவார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கு வடிந்துவிடும். முன்பு அது அப்படியே வாய்க்காலுக்குப் போனது. விவசாயிக்கு உரக் காசு நஷ்டம். ஊருக்கோ வாய்க்கால் முழுக்கப் பாசி!

அரசு சும்மா இருக்கவில்லை. 2018 முதல், பூச்சிமருந்து கலந்த வடிநீரைச் சுத்தம் செய்யாமல் வெளியே விடக்கூடாது என்று சட்டம் வந்தது. 2027-க்குள் வெளியேற்றத்தையே ஏறக்குறைய பூஜ்யமாக்குவது இலக்கு.

ஒரு செடி, ஊரே காலி

"கழிவுத் தண்ணீரில் விளைந்ததா? சாப்பிடலாமா?" என்று பயப்பட வேண்டாம். இது வீட்டுச் சாக்கடை அல்ல. செடிக்கு அடியில் வடிந்த உரத் தண்ணீர்.

ஆபத்து செடிக்குத்தான். ஒரு வேரில் நோய் இருந்தால், சுற்றி வரும் தண்ணீர் கூடாரம் முழுக்கப் பரப்பிவிடும். அதனால் வடிநீரை 95 டிகிரியில் 30 வினாடி சூடாக்குகிறார்கள். அல்லது புற ஊதாக் கதிரில் காட்டுகிறார்கள். பிறகு குறைந்த சத்தைச் சேர்த்து, மழைநீர் கலந்து விடுகிறார்கள்.

மழைநீர் எதற்கு? அங்கேதான் சங்கதி! சோடியம் உப்பைச் செடி அதிகம் எடுக்காது. தண்ணீர் சுற்றச் சுற்ற உப்பு ஏறும். அளவு மீறினால் செடி வாடும். தண்ணீரை வெளியேற்றித்தான் ஆக வேண்டும். மழைநீரில் உப்பு மிகக் குறைவு. கூரையில் விழும் மழையைக் குளத்தில் சேமிப்பது அதனால்தான்.

மாடித் தோட்டக்காரர்களே!

நார்த்தூள் பையில் தக்காளி வைத்திருக்கிறீர்களா? அடியில் ஒரு தட்டு வையுங்கள். வடிந்ததை அதே செடிக்கு ஊற்றுங்கள். செடி வாடி நோய் தெரிந்தால் மட்டும் அந்தத் தண்ணீர் அடுத்த தொட்டிக்குப் போகக் கூடாது. அவ்வப்போது நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி விடுங்கள். மழை பெய்தால் ஒரு வாளி பிடித்து வையுங்கள். செலவு? ஒரு தட்டு, ஒரு வாளி. அவ்வளவுதான்!