கோல் கம்பத்தில் ஆறடி மூன்று அங்குலம்

பீட்டர் தங்கராஜ் 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்தார். செகந்திராபாத்தின் உள்ளூர் கிளப்களில் அவர் ஆடியது கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டாக. ராணுவத்தில் சேர்ந்து நீலகிரியின் வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்கு வந்த பிறகுதான் கோல்கீப்பரானார். ஆறடி மூன்று அங்குல உயரம் அந்த இடத்துக்கு வாகாக அமைந்தது. கார்னரிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் தூக்கி அடிக்கப்படும் பந்தை, எதிரணியினர் தலையால் முட்டுவதற்கு முன்பே கையால் பற்றிவிடுவார். அந்த ராணுவ அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. பின்னர் அவர் தலைமையில் சர்வீசஸ் அணி சந்தோஷ் டிராபியையும் கைப்பற்றியது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியிலும் 1960 ரோம் ஒலிம்பிக் அணியிலும் அவர் இருந்தார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில். தொடரின் நடுவே காய்ச்சலில் படுத்ததால், அரையிறுதியில் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். தென் கொரியாவுடனான இறுதி ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் ரஹீம் துணிந்து தங்கராஜைத் திரும்ப அழைத்தார். ஜெயித்த கீப்பரை உட்கார வைப்பது லேசான முடிவல்ல. தோற்றிருந்தால் பழி முழுவதும் ரஹீம் தலையில்தான் விழுந்திருக்கும். கொரியர்களின் உயரப் பந்துகளுக்கு உயரமான ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. அரங்கு நிறைந்த கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பி.கே. பானர்ஜியும், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங்கும் ஆரம்பத்திலேயே கோல் போட்டார்கள். கொரியாவால் கடைசி நிமிடங்களில் ஒரு கோல்தான் திருப்ப முடிந்தது. 2-1; தங்கம். முன்னால் கோல் அடித்த இருவரைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. பின்னால் நின்றவரைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு இல்லாதது நியாயமல்ல.

1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றபோதும் அவர் அணியில் இருந்தார். கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என மூன்று பெரிய கிளப்களுக்கும் ஆடினார். ஒன்றின் ரசிகர் மற்றதன் ஜெர்சியைக் கண்டாலே முகம் சுளிக்கும் அந்த ஊரில் இது சாதாரணமல்ல. 1967-இல் அர்ஜுனா விருது கிடைத்தது. 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார். அவர் காத்த அந்த 1962 தங்கத்துக்குப் பிறகு, ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா இன்னொரு தங்கம் வென்றதில்லை.