பட்டாசை எதிர்த்து கோர்ட்டு ஏறிய 3 குழந்தைகள்! சிவகாசி சரவெடி வாய் மூடிய கதை

விருதுநகர்:

பேச்சு கூட சரியாக வராத வயசு. ஆனால் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் விட்டார்கள் 3 குழந்தைகள்!

நடந்தது டெல்லியில். ஆண்டு 2015. இரண்டு பேருக்கு வயது 6 மாதம். இன்னொரு குழந்தைக்கு 14 மாதம். பட்டாசுப் புகை எங்கள் நுரையீரலைக் கெடுக்கிறது, சுத்தமான காற்று எங்கள் உரிமை என்று அப்பாக்கள் மூலம் மனுப் போட்டார்கள்.

டி.வி.யில் சொல்லுங்க!

கோர்ட்டு உடனே தடை போடவில்லை. பட்டாசின் கெடுதலைப் பத்திரிகையிலும், டி.வி.யிலும் விளம்பரம் செய்யுங்கள், வாத்தியார்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லட்டும் என்று உத்தரவிட்டது.

வழக்கு நடந்தது. 2018 அக்டோபர் 23-ந்தேதி விழுந்தது இடி!

சரவெடி கூடாது. பேரியம் உப்பு கூடாது. பசுமைப் பட்டாசு மட்டும். வெடிக்க 2 மணி நேரம்தான். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தார்கள்.

பச்சை நிற ஒளி தருவது பேரியம்தான். அது இல்லாமல் மருந்து கலப்பது எப்படி? சிவகாசி திகைத்தது. நவம்பரில் ஆலைகளுக்குப் பூட்டு. சரவெடி பின்னிப் பழகிய கைகள் மாதக்கணக்கில் சும்மா கிடந்தன. வானம் பார்த்த பூமியில் வேறு பிழைப்பு ஏது?

பிறகு, மத்திய அரசின் 'நீரி' ஆய்வுக்கூடம் புகைத்தூசி சுமார் 30 சதவீதம் குறையும் பசுமைப் பட்டாசைக் கொடுத்தது. ஆலைகள் மூச்சு விட்டன. ஆனால் 2023-லும் பேரியத்துக்கும், சரவெடிக்கும் கோர்ட்டு கையை விரித்து விட்டது. 2025 தீபாவளிக்கு டெல்லியில் பசுமைப் பட்டாசுக்கு சில நாள் அனுமதி கிடைத்தது.

கேமரா எப்போ வரும்?

டெல்லிப் புகையை வருஷா வருஷம் டி.வி.யில் பார்க்கிறோம். சிவகாசிப் பக்கம் கேமரா எப்போ வரும்? ஆலை வெடிச்சாத்தான் வரும்! 2012 செப்டம்பர் 5-ந்தேதி முதலிப்பட்டியில் 35 பேருக்கு மேல் கருகினார்களே, அன்னைக்கு வந்த மாதிரி.

பறவைக்காக

பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு ஊர். வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக்கூடாது என்று அங்கே பல காலமாகத் தீபாவளிக்கு வெடியே கிடையாது. விளம்பரம் இல்லை. வழக்கும் இல்லை. ஊர்ப் பிள்ளைகளே விட்டுக் கொடுத்தார்கள்! வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்துப் பாராட்டுகிறது.

டெல்லிக் குழந்தைக்கு நல்ல காத்து வேணும். நியாயம்தான்.

காலையில் மருந்து கலக்கப் போன அம்மா, சாயந்திரம் முழுசா வீடு திரும்பணும். சிவகாசிக் குழந்தைக்கு வேண்டியது அதுதான்.

அதுக்கு எந்தக் கோர்ட்டில் மனுப் போடுவது?