கேட்டால்தானே தெரியும்!

2019 டிசம்பர் 26 காலை, எங்கள் திண்டுக்கல்லில் சூரியன் வளையல் போலத் தெரிந்த கங்கண கிரகணம். மாசமாக இருந்த தங்கையை, பச்சைத் தண்ணீர்கூடத் தராமல் அறைக்குள் உட்கார வைத்திருந்தார் அம்மா.

பள்ளி மைதானத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர், கிரகணக் கண்ணாடி கொடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக் கொண்டிருந்தார். கூச்சத்தை விட்டு, "சார், வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாமே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நிலா குறுக்கே வந்து வெயிலை மறைக்குதும்மா, அவ்வளவுதான். புதுசா எந்தக் கதிரும் வராது. வெறும் கண்ணால பார்த்தா யாருக்கும் கண் கெடும். மாசமா இருக்கிறவங்க பட்டினி கிடக்கக் கூடாது" என்றார்.

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். சற்றுத் தயங்கியவர், தங்கைக்கு இட்லி எடுத்து வைத்தார். தெரியாததைக் கேட்க வெட்கம் எதற்கு, தோழிகளே?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.