80,000 ரூபாயில் கேமிங் கம்ப்யூட்டர்: எதற்குச் செலவழிக்கலாம்... எதில் மிச்சம் பிடிக்கலாம்?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஏதாவது ஒரு சனிக்கிழமை இங்கே போனால், இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்க்கலாம். கடை கவுன்டரில் ஒரு கொட்டேஷன் பேப்பர். அதற்கு அந்தப் பக்கம் கடைக்காரர். இந்தப் பக்கம் அப்பாவும் மகனும்.

"ஆன்லைன்ல ஐ7 கம்ப்யூட்டரே 20,000 ரூபாய்னு விளம்பரம் போட்டிருக்கான். நீ என்னடான்னா ஐ5-க்கு 80,000 கேக்குற?"

"அது பழசுப்பா... அதுல ஒரு கேம்கூட ஒழுங்கா ஓடாது!"

"எல்லாமே கம்ப்யூட்டர்தானடா..?"

அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 80,000 ரூபாய் என்பது பல வீடுகளில் சீட்டு எடுத்தோ, போனஸை எடுத்து வைத்தோ சேர்த்த பணம். ஒருமுறை தவறாக வாங்கிவிட்டால் இன்னும் 5 வருடங்களுக்கு அதைக் கட்டிக்கொண்டுதான் அழ வேண்டும். மகன் சொல்வதும் உண்மைதான். கம்ப்யூட்டரின் பெயர்ப்பலகையில் இருக்கும் எழுத்தை மட்டும் பார்த்து விலையை ஒப்பிட முடியாது.

அப்படியென்றால் எதைப் பார்க்க வேண்டும்? கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட, சில விஷயங்கள் இங்கே!

ஐ7 என்றாலே உசத்தியா?

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் வகுப்பில் இருக்கும் ஏ, பி, சி செக்‌ஷன் மாதிரி. எந்த வருடத்து வகுப்பு என்பதுதான் முக்கியம். அந்தத் தகவல், அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது.

'கோர் ஐ7-2600' என்ற ப்ராசஸர் 2011-ல் வந்தது. 'கோர் ஐ3-12100' வந்தது 2022-ல். இரண்டிலுமே 4 கோர்கள்தான். ஆனால், அந்தப் பழைய ஐ7-ஐ இந்தப் புதிய ஐ3 வேகத்தில் எளிதாக முந்திவிடும். 20,000 ரூபாய் விளம்பரங்களில் வரும் ஐ7 பெரும்பாலும் இப்படிப்பட்ட பழைய தலைமுறைதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட ப்ராசஸர் வேண்டும். இளைஞர்கள் அதிகம் விளையாடும் 'வேலரன்ட்' போன்ற கேம்கள், விண்டோஸ் 11-ல் டி.பி.எம் 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். பழைய மதர்போர்டுகளில் அவை இருக்காது.

கணக்கை மானிட்டரிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானோர் முதலில் ப்ராசஸரை முடிவு செய்துவிட்டு, மிச்சமிருக்கும் காசுக்கு ஒரு மானிட்டர் வாங்குகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ஃபுல் ஹெச்.டி மானிட்டரில் 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 1440பி எனப்படும் அடுத்த ரகத்தில் சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் சுமார் 83 லட்சம். கேம் ஓடும்போது இத்தனை புள்ளிகளையும் ஒவ்வொரு நொடியும் பல முறை புதிதாக வரைந்து தள்ள வேண்டியது கிராபிக்ஸ் கார்டின் வேலை. ஆசைப்பட்டு 4கே மானிட்டர் வாங்கிவிட்டால், அதற்கு ஈடுகொடுக்கும் கார்டுக்கே மொத்த பட்ஜெட்டும் போய்விடும்.

80,000 ரூபாய் பட்ஜெட்டுக்கு 24 இன்ச் ஃபுல் ஹெச்.டி மானிட்டர் சரியாக இருக்கும். அதில் 'ரெஃப்ரெஷ் ரேட்' 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாதாரண மானிட்டர் நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும். இது 144 முறை மாற்றும். சுட்டு விளையாடும் கேம்களில் இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

கிராபிக்ஸ் கார்டு: பணம் போக வேண்டிய இடம்

கேமிங் கம்ப்யூட்டரில் மொத்தப் பணத்தில் 35 முதல் 40 சதவிகிதம் வரை இதற்கே ஒதுக்கலாம். ஃபுல் ஹெச்.டி-யில் விளையாட என்விடியா ஆர்.டி.எக்ஸ் 4060, 5060, ஏ.எம்.டி ஆர்.எக்ஸ் 7600 போன்றவை இந்த ரகத்தில் பேசப்படும் பெயர்கள். இவை மூன்றிலும் 8 ஜிபி மெமரி உண்டு. இன்டெல்லின் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி கிடைக்கும். ஆனால், அதற்கு 'ரீசைசபிள் பார்' வசதியுள்ள புதிய மதர்போர்டு, ப்ராசஸர் தேவை.

கம்ப்யூட்டரில் கேமோடு படிப்பும் நடக்கப்போகிறதா? பிளெண்டர் போன்ற 3டி மென்பொருள்கள், ஏ.ஐ சார்ந்த புராஜெக்ட்டுகள் என்று இருந்தால் என்விடியா பக்கம் சாயலாம். இவற்றில் பல மென்பொருள்கள் என்விடியாவின் 'கூடா' தொழில்நுட்பத்தில் நன்றாக ஓடும். வெறும் கேம் மட்டும் என்றால், ஒரே விலையில் எந்த கார்டு அதிக ஃப்ரேம் தருகிறது என்று யூடியூப் ஒப்பீடுகளில் பார்த்து முடிவெடுக்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கும். ஆர்.டி.எக்ஸ் 3050-ல் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு ரகங்கள் உண்டு. குறைவது மெமரி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 6 ஜிபி கார்டில் உள்ளிருக்கும் சிப்பின் கோர்களும் குறைவு. ஆர்.டி.எக்ஸ் 3060-லும் 12 ஜிபி, 8 ஜிபி என இரண்டு உண்டு. அதிலும் 8 ஜிபி ரகம் வேகம் குறைந்தது. கொட்டேஷனில் '3060 கார்டு' என்று மட்டும் எழுதியிருந்தால், எத்தனை ஜிபி, எந்த கம்பெனி, எந்த மாடல் என்று முழுப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ப்ராசஸர், மதர்போர்டு: அளவோடு நிறுத்தலாம்

இந்த பட்ஜெட்டில் 6 கோர் ப்ராசஸர் போதும். இன்டெல் ஐ5-12400எஃப், ஏ.எம்.டி ரைசன் 5 5600 இரண்டுமே 2022-ல் வந்தவை. மிட் ரேஞ்ச் கிராபிக்ஸ் கார்டோடு இன்றும் நன்றாக ஈடுகொடுப்பவை. ஐ7-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போட்டால், கேமில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் அதிகம்.

இன்டெல் பெயரின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால், அந்த ப்ராசஸருக்குள் சொந்த கிராபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறையும். ஆனால், கிராபிக்ஸ் கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனால், அது திரும்பி வரும்வரை மானிட்டரில் எதுவும் தெரியாது. காலேஜ் வேலைகளுக்கும் இதே கம்ப்யூட்டர்தான் என்றால், எஃப் இல்லாததை யோசிக்கலாம்.

பின்னாளில் ப்ராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால், மதர்போர்டின் சாக்கெட்டைப் பாருங்கள். ரைசன் 5 5600 பொருந்தும் ஏ.எம் 4 சாக்கெட் பழையது, பட்ஜெட்டுக்கு ஏற்றது. ரைசன் 5 7600 போன்றவை பொருந்தும் ஏ.எம் 5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு இருக்கும் என்று ஏ.எம்.டி சொல்லியிருக்கிறது. ஆனால், அதற்கு டி.டி.ஆர் 5 ரேம் வேண்டும். ஆரம்பச் செலவு கூடும்.

ரேம்: விலை ஏறியிருக்கிறது, கவனம்

2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. உலகமெங்கும் ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக வாங்கிக் குவித்ததுதான் முக்கியக் காரணம். அதனால், பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன ரேம் விலையை நம்பி பட்ஜெட் போட வேண்டாம். கடைக்குப் போகும் வாரத்தின் விலையைப் பாருங்கள்.

16 ஜிபி வாங்குவதாக இருந்தால், ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளாக வாங்குவது நல்லது. இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்வதால் கேமில் வேகம் கூடும். மதர்போர்டில் 4 ஸ்லாட் இருந்தால், பிறகு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

எஸ்.எஸ்.டி-யில் என்.வி.எம்.இ ரகம் வாங்குங்கள். பல பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபி-யைத் தாண்டுகின்றன. எனவே 1 டிபி வசதியாக இருக்கும். பணம் இடித்தால் 500 ஜிபி-யில் தொடங்கி, பிறகு இன்னொன்று சேர்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்

கொட்டேஷனில் பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது இதுதான். 'கேபினெட்டோடவே எஸ்.எம்.பி.எஸ் ஃப்ரீயா வருது சார்' என்றால் சந்தோஷப்பட வேண்டாம். 28,000 ரூபாய் கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கப்போவது அந்த ஃப்ரீ டப்பாதான். வோல்டேஜ் ஏறி இறங்கும் வீடுகளில் தரமில்லாத எஸ்.எம்.பி.எஸ் பழுதானால், சில சமயம் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டுதான் போகும்.

தெரிந்த கம்பெனியின் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ் மேலே சொன்ன கார்டுகளுக்குப் பொதுவாகப் போதும். கார்டு பெட்டியில் எத்தனை வாட் பரிந்துரைத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். '80 பிளஸ் பிரான்ஸ்' என்ற முத்திரை, மின்சாரம் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். பாதுகாப்பு வசதிகள், வாரன்டி எத்தனை வருடம் என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

இத்தோடு வீட்டு பிளக் பாயின்ட்டில் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். யு.பி.எஸ் வாங்கினால் இன்னொரு கணக்கும் உண்டு. ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டு மட்டும் 115 வாட் எடுக்கும். ப்ராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்த்தால் கேம் ஓடும்போது 250 முதல் 300 வாட் வரை போகும். வழக்கமான 600 வி.ஏ யு.பி.எஸ் தாங்குவது பெரும்பாலும் 360 வாட்தான். 1000 வி.ஏ அளவு நிம்மதி தரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதில் 'யு.பி.எஸ் மோடு' சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

80,000 ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்?

விலைகள் வாரத்துக்கு வாரம் மாறும். எனவே இது ஒரு பங்கீட்டுக் கணக்கு மட்டுமே.

• கிராபிக்ஸ் கார்டு – 28,000
• ப்ராசஸர், மதர்போர்டு – 18,000
• ரேம், எஸ்.எஸ்.டி – 14,000
• மானிட்டர் – 10,000
• எஸ்.எம்.பி.எஸ் – 5,000
• கேபினெட் – 3,500
• கீபோர்டு, மவுஸ் – 1,500

ரேம் விலையால் கணக்கு இடித்தால், எஸ்.எஸ்.டி-யின் அளவைக் குறைக்கலாம். கலர் லைட் ஃபேன்கள், கண்ணாடி கேபினெட் ஆகியவற்றை விட்டுவிடலாம். நம் ஊர் வெயிலுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட்டைவிட, வலை போட்ட கேபினெட் நல்லது. காற்று தாராளமாக உள்ளே போகும். எஸ்.எம்.பி.எஸ்-ஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பில் இல்லாமல் வாங்கலாமா?

'பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி மிச்சம்' என்ற பேச்சு சில இடங்களில் வரும். 18 சதவிகிதம் என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், வாரன்டிக்குப் போகும்போது பில் இல்லாமல் நீங்கள் நிற்கப்போவது தனியாகத்தான். பெட்டியில் வரும் இன்டெல், ஏ.எம்.டி ப்ராசஸர்களுக்கு 3 வருட வாரன்டி உண்டு. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கிறதா, பெட்டியில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள். காலிப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, பரணில் போட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இந்த மூன்றும்!

1. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல், கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். 'புது கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு', 'டிஸ்ப்ளேவே வரல' என்ற புகார்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டை 144 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அது 60-லேயே ஓடிக்கொண்டிருக்கலாம்.

3. பயாஸில் எக்ஸ்.எம்.பி அல்லது எக்ஸ்போ என்பதை ஆன் செய்யுங்கள். அப்போதுதான் ரேம், பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடும்.

அப்பாக்களுக்கு ஒரு கணக்கு. தினமும் 4 மணி நேரம் கேம் ஆடினால் சுமார் 1 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 60 முதல் 70 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். ஏற்கெனவே 450-ஐத் தொடும் வீடு என்றால், விளையாடும் நேரத்தையும் ஏ.சி நேரத்தையும் மகனோடு இப்போதே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.

கவுன்டரில் நிற்கும் அப்பாவும் மகனும், கடைக்காரர் நீட்டும் கொட்டேஷனுக்குப் பதிலாக இந்தப் பங்கீட்டை ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போகட்டும். மூன்று கடைகளில் அதே மாடல் பெயர்களைச் சொல்லி விலை கேட்கட்டும். 'இதுக்கு எதுக்குடா இவ்வளவு காசு?' என்று அப்பா ஒவ்வொரு வரியாகக் கேட்க, மகனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடிந்தால், அன்றைக்கே வாங்கிவிடலாம். ஏதாவது ஒரு வரிக்குப் பதில் தெரியவில்லையா? அடுத்த சனிக்கிழமையும் கடை திறந்துதான் இருக்கும்!