மழைக்காலத்தில் வாக்கி-டாக்கி: நீர்காப்பைப் பேணுதலும் சோதித்தலும்

புயல் வீசும் காலத்தில் கிராமங்களுக்கு முதலில் நேரும் இடையூறுகளுள் ஒன்று செய்தித் தொடர்பு அற்றுப்போவதாகும். 2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை அடுத்துக் கரை கடந்தபோது, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னைகளோடு மின்கம்பங்களும் திரளாகச் சாய்ந்தன. மின்சாரம் நின்றமையால் கைப்பேசிகளும் பல இடங்களில் பயனற்றுப் போயின. இத்தகைய வேளைகளில், கோபுரத்தையும் கம்பியையும் நம்பாமல் ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு நேரே பேச உதவுவது வாக்கி-டாக்கி என்று வழங்கும் கைக் கம்பியில்லாக் கருவியாம். மதகடியில் நிற்பவர், ஆற்றங்கரையில் காவல் இருப்பவர், புயல் பாதுகாப்பு மையத்தைக் கவனிப்பவர் ஆகியோர் ஒருவரோடொருவர் பேச இது பெரிதும் ஏற்றது. அரசாங்க விதிகளின்படி அனுமதிக்கப்பட்ட கருவிகளையே உபயோகிக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் இக்கருவி மிகுதியாக வேண்டப்படும் நேரம் மழை கொட்டும் நேரமேயாகும். வாங்கும்போது தண்ணீர் புகாது என்று எழுதப்பட்டிருந்த கருவி, இரண்டு மூன்று வருஷம் அலமாரியிலும் ஆணியிலும் கிடந்தபின் அதே தன்மையோடு இருக்கும் என்று எண்ணுவது தவறு. நீர்காப்பு என்பது கருவியோடு பிறந்து என்றும் நிலைக்கும் குணமன்று. அது சில ரப்பர் வளையங்களையும் ஒரு மெல்லிய சவ்வையும் பொறுத்தது. அவை தேய்வன, காய்வன, கிழிவன. ஆகவே ஐப்பசி அடைமழைக்கு முன்னர், புரட்டாசியிலேயே ஒவ்வொரு கருவியையும் சோதித்துக் கொள்ளுதல் சிலாக்கியம்.

எண்களின் பொருள்

கருவியின் மேலோ அதனுடன் வரும் குறிப்பிலோ ஐ.பி. 54, ஐ.பி. 67 என்பன போன்ற எண்கள் காணப்படும். சர்வதேச மின்தொழில்நுட்பக் குழுவின் 60529-ம் எண் தரவிதி இவற்றை வகுத்துள்ளது. முதல் இலக்கம் தூசியைப் பற்றியது. இரண்டாவது இலக்கம் தண்ணீரைப் பற்றியது. இரண்டாவது இலக்கம் 4 ஆயின், எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் கருவி தாங்கும் என்றும், 5 ஆயின் குழாய் முனையிலிருந்து பீச்சும் நீரைத் தாங்கும் என்றும், 7 ஆயின் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் மூழ்கினாலும் பழுதுறாது என்றும் பொருள் கொள்ள வேண்டும்.

இங்கே மூன்று செய்திகளை மறக்கலாகாது. முதலாவது, 7 என்ற இலக்கம் மட்டும் பெற்ற கருவி வேகமாகப் பீச்சும் நீரையும் தாங்கும் என்பது நிச்சயமில்லை. அதற்கு வேறு சோதனை உண்டு. இரண்டாவது, இச்சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுவன; உப்புநீர், சவுக்காரநீர், மருந்துக் கரைசல் ஆகியவற்றுக்கு அந்த எண் ஜாமீன் ஆகாது. மூன்றாவது, சோதிக்கப்பட்டவை புதிய கருவிகளே. கைதவறி விழுந்தும் வெயிலில் காய்ந்தும் பழகிய கருவிகள் அல்ல.

தண்ணீர் புகும் வழிகள்

ஏரிக்கரை முழுவதும் உறுதியாயிருந்தும் ஒரு நண்டு வளையால் உடைப்பெடுப்பதுண்டு. இக்கருவியின் நிலையும் அதுவே. தண்ணீர் புகக்கூடிய இடங்கள் பின்வருவன: ஆன்டெனா திருகப்படும் அடிப்பாகம், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் தண்டு, பேசும்போது அழுத்தும் பொத்தானின் மேலுள்ள ரப்பர், வெளி ஒலிவாங்கியைச் செருகும் துளையின் மூடி, பாட்டரி பொருந்தும் இடம், ஒலிபெருக்கியின் வலைக்குப் பின்னுள்ள சவ்வு. இவற்றுள் அடிக்கடி கவனக்குறைவுக்கு ஆளாவது செருகுதுளையின் மூடியே. அது பாதி திறந்து கிடப்பின் மற்றெல்லாக் காப்பும் வீண்.

பல கருவிகளில் காற்று மட்டும் போய்வரும்படி ஒரு சிறு மூச்சுத்துளை அமைந்திருக்கும். அதனுள் உள்ள நுண்சவ்வு காற்றை விடும், தண்ணீரை விடாது. அழுக்கு அடைந்துள்ளது என்று எண்ணி அதை ஊசியால் குத்துவோரும், தண்ணீர் புகும் என்று அஞ்சி அதை ஒட்டி அடைப்போரும் உண்டு. குத்தினால் தண்ணீர் நேரே உட்புகும். அடைத்தால் உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் ரப்பர் வளையங்களை இடையறாது வருத்தும்.

உஷ்ண பேதத்தால் விளையும் கேட்டையும் அறிந்திருத்தல் நலம். வெயிலில் 45 டிகிரி வரை சூடேறிய கருவி, 25 டிகிரியுள்ள கிணற்றுநீரில் விழுமாயின், உள்ளிருக்கும் காற்று சுருங்கி அதன் அழுத்தம் நூற்றுக்கு ஆறு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும். இக்குறைவு சுமார் 65 சென்டிமீட்டர் ஆழத்து நீரழுத்தத்திற்குச் சமம். அதாவது, சூடான கருவி ஒரு சாண் நீரில் விழுந்தாலும், இடுப்பளவு நீரில் விழுந்தது போலவே தண்ணீரை உள்ளே இழுக்கும். இதுபற்றியே மேற்படி தரவிதியும், மூழ்க வைக்கும் சோதனையில் கருவிக்கும் தண்ணீருக்கும் உள்ள உஷ்ண வித்தியாசம் 5 டிகிரிக்கு மேற்படலாகாது என்று விதித்துள்ளது.

பேணும் முறை

கருவியை உபயோகித்தபின் ஈரத்துணியால் துடைத்து, பின்னர் உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். மூடியின் விளிம்பிலும் ரப்பர் வளையத்திலும் ஒட்டிய மணலையும் உமித்தூளையும் மென்மையான தூரிகையால் அகற்ற வேண்டும். ஒரு மயிரிழையோ மணற்பொடியோ வளையத்தின் கீழ்ச் சிக்கினாலும் தண்ணீருக்கு வழியாகும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் முதலியவற்றால் துடைப்பது பெரும் பிழை. அவை ரப்பரை உப்பச் செய்து இளக்கிவிடும். வளையங்களுக்குக் கையில் அகப்பட்ட கிரீஸைப் பூசுவதும் தவறே. சிலிக்கோன் ரப்பருக்குச் சிலிக்கோன் கிரீஸே ஒவ்வாது. வேறுவகை ரப்பருக்கு வண்டிக்கு இடும் கிரீஸ் ஒவ்வாது. தயாரிப்பாளர் குறித்த பொருளையன்றி வேறெதையும் பூசாமல் விடுவதே நன்று.

பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் நிலச்சொந்தக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீரில் பாலாய்க் கலக்கும் மருந்துகள் பலவற்றில் ரப்பரைக் கெடுக்கும் கரைப்பான்களும், நீரை எளிதில் பரவச் செய்யும் பொருள்களும் உள்ளன. பின்னவை மூச்சுத்துளையின் சவ்வில் படிந்தால், அதன் நீர்விலக்கும் தன்மை குன்றும். ஆதலால் தெளிப்பு வேலையில் இருப்பவர் கருவியைத் தெளிப்பானோடு சேர்த்து இடுப்பில் தொங்கவிடலாகாது. கொசுவுக்காகக் கையில் பூசும் சில தைலங்களும் பிளாஸ்டிக்கை அரிப்பன. அவற்றைப் பூசிய கையைக் கழுவியபின் கருவியைத் தொடுதல் வேண்டும்.

கடலோரக் கிராமங்களில் உப்புநீர் பட்ட கருவியை, மூடிகள் எல்லாம் பொருந்தியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அலம்பி உலர்த்த வேண்டும். உப்பு காய்ந்து நின்றால் பாட்டரியின் உலோக முனைகள் பச்சை பூத்து அரிக்கப்படும்.

சோதிக்கும் முறை

முதற்படி, கண்ணால் பார்த்தல். பாட்டரியைக் கழற்றி, மேற்சொன்ன இடங்கள் யாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெடிப்பு, தட்டையாய் அமுங்கிய வளையம், ஆடும் குமிழ், கிழிந்த பொத்தான் ஆகியவற்றுள் ஒன்று காணினும் அக்கருவியைத் தண்ணீர்ச் சோதனைக்கு உட்படுத்தாமல் பழுதுபார்க்க அனுப்புக.

இரண்டாம்படி, தெளித்தல். இது 4, 5, 7 ஆகிய இலக்கங்களைப் பெற்ற கருவிகளுக்கு ஏற்றது. கருவியை நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பாட்டரியையும் ஆன்டெனாவையும் பொருத்தி, மூடிகளை அழுத்தி, நிறுத்திய நிலையில் பூவாளியால் எல்லாப் பக்கங்களிலும் ஐந்து நிமிஷம் நீர் தெளிக்க வேண்டும்.

மூன்றாம்படி, மூழ்கவைத்தல். இது 7-ம் இலக்கம் பெற்ற கருவிக்கே உரியது. 4, 5 ஆகிய இலக்கமுடைய கருவியை ஒருபோதும் மூழ்கவைக்கலாகாது. அகன்ற பாத்திரத்தில் தெளிந்த நல்ல தண்ணீரை வைத்து, அணைத்த கருவியை ஒரு சாண் ஆழத்தில் ஐந்து நிமிஷம் பிடித்துக்கொள்க. வலையிலும் இடுக்குகளிலும் தங்கிய காற்று முதலில் சில குமிழிகளாய் வந்து நின்றுவிடும், அது குற்றமன்று. ஒரே இடத்திலிருந்து இடைவிடாமல் குமிழிகள் எழுமாயின் அவ்விடத்தில் கசிவு உண்டென்பது திண்ணம். கருவியை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு சாண் ஆழத்தின் அழுத்தம் ஒரு மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கேயாதலால், கசிவு இருப்பினும் சேதம் மிகுதியாக நேராது. அதே காரணத்தால், இதில் தேறிய கருவி முழு ஆழத்தையும் தாங்கும் என்று உறுதி கூறவும் இயலாது.

முழு உறுதி வேண்டுவோர் தேர்ந்த பழுதுபார்க்கும் நிலையத்தை நாடுதல் வேண்டும். அங்கே மூச்சுத்துளையின் வழியாக உட்காற்றைச் சிறிது உறிஞ்சி, அழுத்தமானியின் முள் நிலைத்து நிற்கிறதா என்று பார்ப்பர். முள் மெல்ல மெல்லத் திரும்புமாயின் கசிவு உண்டு. தண்ணீரே படாத சோதனையாதலின் இது மிகப் பத்திரமானது. எக்காரணத்தாலேனும் திருகுகளைக் கழற்றித் திறக்கப்பட்ட கருவிக்கு இச்சோதனை கட்டாயம் வேண்டும்.

சோதனை முடிந்தபின் கருவியை உதறி, ஒலிபெருக்கி வலையில் தங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். இல்லையேல் குரல் மழுங்கிக் கேட்கும். பிறகு பாட்டரியைக் கழற்றி உலோக முனைகளைத் துடைத்து நிழலில் உலர்த்துக. மறுநாள் காலையில் எண் தோன்றும் கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்துள்ளதா என்று நோக்கி, சற்றுத் தூரத்தில் மற்றொரு கருவியோடு பேசிப் பார்த்த பின்னரே அது தேறியதாகக் கொள்ள வேண்டும்.

தண்ணீர் புகுந்துவிட்டால்

உடனே அணைத்துப் பாட்டரியை அகற்றுக. பேசிப் பார்ப்பதும் சார்ஜரில் வைப்பதும் கூடாது. ஈரத்தில் மின்சாரம் பாய்வதே பெரும்பாலும் கருவியைக் கொல்வது. அரிசியில் புதைத்து வைப்பதால் பயனில்லை. அதன் தவிடும் தூசியும் துளைகளில் அடைந்து புதிய தொல்லை தரும். வெயிலிலும் அடுப்பருகிலும் வைத்தால் ரப்பர் கெடும். மின்விசிறியின் காற்றில் வைத்து, தாமதியாது பழுதுபார்ப்பவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

நீர்காப்பில் ஐயமுள்ள கருவியையே மழையில் எடுத்துச் செல்ல நேரின், அதைக் கனமான பிளாஸ்டிக் பையிலிட்டு வாயை இறுகக் கட்டுக. வானொலி அலைகளைப் பிளாஸ்டிக் தடுப்பதில்லையாதலால் பையினுள் இருந்தபடியே பேசலாம். குரல் மட்டும் சற்றுக் குறையும்.

குறிப்பேடு

ஒரு கிராமத்தில் பல கருவிகள் இருப்பின், ஒவ்வொன்றிற்கும் எண் இட்டு, சோதித்த தேதி, கண்ட குறை, செய்த பழுது, கடைசியாகக் கீழே விழுந்த தேதி ஆகியவற்றைக் கிராம அதிகாரி ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைத்தல் வேண்டும். கீழே விழுந்த கருவி, வெளிப்பார்வைக்குக் குறையின்றித் தோன்றினும், மறுபடி சோதிக்கப்படும் வரை தேறாததாகவே கருதத்தக்கது. மதகடிக்கும் உடைப்புக்கு அஞ்சும் கரைக்கும் அனுப்புவது தேறிய கருவியாகவே இருத்தல் வேண்டும். மற்றவை கூரைக்குக் கீழுள்ள வேலைக்கு ஆகும்.

இவ்வேலைக்குச் செலவு சொற்பம். ஒரு பிற்பகலும் ஒரு பாத்திரத் தண்ணீரும் போதும். கரை உடையும் இரவில், ஷட்டரைத் திறக்கச் சொல்லும் ஒரு வார்த்தை உரிய காலத்தில் போய்ச் சேர்வதும் சேராததும், புரட்டாசியில் பார்த்த அந்தச் சிறு ரப்பர் வளையத்தைப் பொறுத்து நிற்கக்கூடும்.