64 கிராம் ராக்கெட் ஏறுச்சு... உங்க கேள்வி எப்போ பஸ் ஏறும்?

ஏழெட்டு சின்ன வெங்காயத்தை உள்ளங்கையில அள்ளிப் பாருங்க. கிட்டத்தட்ட 64 கிராம் இருக்கும். வேப்பந்தட்டைக்காரங்ககிட்டயே வெங்காயக் கணக்கான்னு முறைக்காதீங்க. மேட்டர் இருக்கு!

2017 ஜூன் 22. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள நாசாவின் வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. அதற்குள் அதே 64 கிராம் எடையில், 3.8 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு குட்டிப் பெட்டி. பெயர், கலாம்சாட். அதை உருவாக்கிய டீமின் தலைவர் ரிஃபாத் ஷாரூக். 18 வயசு. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டிப் பையன்.

'கரூர் எங்கே, நாம எங்கே'ன்னு நினைக்கிறீங்களா? 1995-ல பிரிக்கிற வரைக்கும் கரூர், பெரம்பலூர் ரெண்டுமே ஒரே திருச்சி மாவட்டம்தான் பாஸ். பங்காளி ஊரு!

ரிஃபாத்தை யாரும் தேடி வந்து கூட்டிட்டுப் போகலை. அது ஒரு போட்டி. 'க்யூப்ஸ் இன் ஸ்பேஸ்'னு பேரு. 11 வயசுலேருந்து 18 வயசு வரைக்கும் உள்ள மாணவர்கள் கலந்துக்கலாம். கண்டிஷன் ஒண்ணுதான். 4 சென்டிமீட்டர் கனசதுரத்துக்குள்ளே அடங்கணும், 64 கிராமைத் தாண்டக் கூடாது. அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளே என்ன கேள்வியை வெச்சு அனுப்புறீங்கங்கிறதுதான் சோதனை. ரிஃபாத் டீம் அனுப்பின கேள்வி இது: 3டி பிரிண்டரில் அச்சடித்த கார்பன் ஃபைபர் கூடு, ராக்கெட் கிளம்பும்போது கொடுக்கிற குலுக்கலைத் தாங்குமா?

இங்கே ஒரு குட்டித் திருத்தம். 'உலகின் மிகச் சிறிய செயற்கைக்கோள், விண்வெளியில் சுற்றுகிறது' என்ற ரேஞ்சுக்கு அப்போ வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு பறந்தது. அது பூமியைச் சுற்றவில்லை. மேலே போய், சில நிமிஷம் எடையின்மையில் இருந்துவிட்டு, கடலில் வந்து விழுந்தது. திட்டமே அதுதான். உண்மையே இவ்வளவு கெத்தா இருக்கும்போது பில்ட்-அப் எதுக்கு? 2019 ஜனவரி 24-ம் தேதி இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி.-சி44 ராக்கெட்டில் போன 'கலாம்சாட் வி2' நிஜமாகவே பூமியைச் சுற்றியது. அந்த ஃபார்வர்டை ரெண்டு வருஷம் லேட்டா அனுப்பியிருந்தா, 'சுற்றுகிறது'ங்கிற பாதியாவது கரெக்டா இருந்திருக்கும்!

'ராக்கெட்டெல்லாம் நமக்கு ஒத்து வராதுப்பா'ன்னு சொல்ற கோஷ்டியா நீங்க? அப்போ திருவண்ணாமலைக்கு வாங்க. அங்கே வினிஷா உமாசங்கர்னு ஒரு பொண்ணு. 12 வயசுல தன் தெருவுல அயர்ன் வண்டிக்காரர் கரியைக் கொட்டி, பத்தவெச்சு, சாம்பலை ஓரமாத் தட்டுறதைப் பார்த்தாங்க. நாமளும்தான் தினம் பார்க்கிறோம். 'அண்ணே, பேன்ட்டுக்கு மடிப்பு ஷார்ப்பா இருக்கட்டும்'னு சொல்லிட்டு வந்துடுறோம். வினிஷா, 'இந்தக் கரிக்குப் பதிலா சூரியன் வேலை செய்யுமா?'னு கேட்டாங்க. விடை, சோலார் பேனல் வெச்ச அயர்ன் வண்டி. 5 மணி நேரம் வெயில்ல நின்னா 6 மணி நேரம் துணி தேய்க்கலாம். அந்த வண்டிக்காக 2020-ல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு கிடைத்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடையில் உலகத் தலைவர்கள் முன்னாடி பேசினாங்க.

இப்போ நம்ம ஸ்கூல் சயின்ஸ் எக்சிபிஷனை நினைச்சுப் பாருங்க. தெர்மகோல், கலர் பேப்பர், பேக்கிங் சோடா ஊத்தினா பொங்குற எரிமலை. நானும் செஞ்சிருக்கேன், செம கூட்டம் வரும். ஆனா அதுல கேள்வியே கிடையாது. பொங்கும்னு முன்னாடியே தெரியும்!

கேள்வியை மட்டுமே கேட்கிற ஒரு போட்டி 1993-லிருந்து நடக்குது. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழ்நாட்டில் இதைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 வயசு முதல் 17 வயசு வரைக்கும் கலந்துக்கலாம். மாடல் வேண்டாம். உங்க ஊரிலேயே ஒரு பிரச்னையை எடுத்து, அளந்து, எழுதி, சார்ட்டில் போட்டு, நடுவர் முன்னாடி நின்னு தமிழிலேயே விளக்கணும். மாவட்டம், மாநிலம், அப்புறம் தேசிய அளவு. 

2019-ல், ஒன்பதாவது படிக்கும்போது நானும் போனேன். தலைப்பு, 'எங்கள் தெருக் குழாய்கள்'. வேப்பந்தட்டை பக்கத்துல எங்க ஊர்ல 11 குழாயைப் பார்த்தோம். 4 குழாய் ஒழுகுது. ஒரு லிட்டர் மக்கை வெச்சு, செல்போன்ல டைம் பார்த்தோம். சராசரியா 4 நிமிஷத்துல மக் நிறைஞ்சது. அப்போ ஒரு மணிக்கு 15 லிட்டர். தண்ணி விடுற 2 மணி நேரத்துல ஒரு குழாய்க்கு 30 லிட்டர், அதாவது 2 குடம். 4 குழாய்க்கு 8 குடம். குடத்துக்காக வரிசையில சண்டை போடுற தெருவுல, தினம் 8 குடம் சாக்கடைக்குப் போகுது. சார்ட்டுல சிவப்பு ஸ்கெட்ச்ல எழுதி, அடியில ரெண்டு கோடும் போட்டோம்.

பெரம்பலூர்ல நடுவர் பொறுமையாக் கேட்டார். கடைசியா ஒரே கேள்வி. "எத்தனை நாள் அளந்தீங்க?"

"ஒரு நாள் சார்."

"அப்போ 'தினம் 8 குடம்'னு எப்படி எழுதினீங்க?"

அவ்வளவுதான், அவுட்! மாவட்டத்தைத் தாண்டலை. பஸ்ல வரும்போது அவரைத் திட்டிக்கிட்டே வந்தோம். இன்ஜினீயரிங் லேப்ல 'ஒரு ரீடிங் எடுத்துட்டு கிராஃப் போட்டியா?'னு வாங்கிக் கட்டிக்கிட்ட அன்னிக்குத்தான் அவர் அருமை புரிஞ்சது. அவர் கேட்டதை எனக்கு ப்ளஸ் டூ வரைக்கும் வேற யாரும் கேட்கலை.

தோத்துட்டு வர்றது நமக்கு மட்டுமில்ல, செயற்கைக்கோளுக்கும் நடக்கும். சுதந்திரத்தோட 75-வது ஆண்டுக்காக நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகள், 750 மாணவிகள் சேர்ந்து 'ஆசாதிசாட்'டை உருவாக்கினாங்க. பின்னணியில் இருந்தது சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா. கலாம்சாட்டுக்குப் பின்னாடி இருந்த அதே அமைப்பு. ஒவ்வொரு பள்ளிக்கும் சுமார் 50 கிராம் எடையில் ஒரு கருவி. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் 10 மாணவிகளும் அதில் உண்டு. 2022 ஆகஸ்ட் 7, காலை 9.18-க்கு ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோவின் புத்தம்புது எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது. மூன்று கட்டங்களும் ஒழுங்கா எரிந்தன. கடைசியில் சொதப்பல்!

ரெண்டாவது கட்டம் பிரிந்தபோது வந்த அதிர்வில், வேகமாற்றத்தை அளக்கும் சென்சார்கள் கொஞ்ச நேரம் திணறிவிட்டன. 'எல்லா சென்சாரும் பழுது' என்று ராக்கெட்டின் கம்ப்யூட்டர் முடிவு கட்டிவிட்டது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள், ஒரு பக்கம் 356, மறுபக்கம் வெறும் 76 கிலோமீட்டர் என்று நீள்வட்டத்தில் போய் மாட்டியது. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. எந்தச் செயற்கைக்கோளும் அங்கே தங்காது. மாசக்கணக்கில் சால்டரிங் பிடிச்ச கைங்க... அந்தப் பொண்ணுங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

திரும்ப ஆரம்பிச்சாங்க. 2023 பிப்ரவரி 10, அதே 9.18 மணி. எஸ்.எஸ்.எல்.வி.யின் ரெண்டாவது ராக்கெட்டில் 'ஆசாதிசாட்-2' ஏறி, 450 கிலோமீட்டர் உயரத்தில் கரெக்டாகப் போய் உட்கார்ந்தது. இடையில் போனது ஆறே மாசம்!

இனி காசு மேட்டருக்கு வரேன். போட்டின்னா கப்பும் சர்டிஃபிகேட்டும் மட்டும் இல்லை. எங்க சித்தப்பா பொண்ணு எட்டாவதுல என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதி பாஸ் ஆனா. அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கிற, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3.5 லட்சத்தைத் தாண்டாத பிள்ளைங்களுக்கான தேர்வு இது. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தமிழ்நாட்டுக்கு மட்டும் 6,695 இடம். ஜெயிச்சா ஒன்பதாவதுலேருந்து ப்ளஸ் டூ வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000. பத்தாவதோட நிறுத்திட்டு மில் வேலைக்கு அனுப்பலாமான்னு வீட்ல பேச்சு வந்தப்போ, "அவ படிப்புக்கு அவளே சம்பாதிக்கிறா, உங்களுக்கு என்ன?"னு எங்க ஆயா ஒரே போடாப் போட்டாங்க. இப்போ அவ நர்ஸிங் படிக்கிறா.

நான்? நான் அந்தத் தேர்வையே எழுதலை. இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சப்போ கடைசித் தேதி போயிருச்சு. நோட்டீஸ் போர்டை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். 48,000 ரூபாய் மதிப்புள்ள சோம்பேறித்தனம்!

ஒன்பதாவது படிக்கிறவங்களுக்கு 'டிரஸ்ட்' எனும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 பையன், 50 பொண்ணு. இதுல நமக்கு ஒரு சான்ஸ் இருக்கு. கிராமப் பஞ்சாயத்து, பேரூராட்சிப் பகுதிப் பள்ளி மாணவர்கள் மட்டும்தான் எழுத முடியும். நகராட்சிக்குள்ள, அதாவது பெரம்பலூர் டவுனுக்குள்ள படிக்கிறவங்களால முடியாது. வேப்பந்தட்டையில படிச்சா முடியும். 'பட்டிக்காடு'ன்னு யாராவது கிண்டல் பண்ணா இதைச் சொல்லுங்க! ஆனா தொகையைக் கேட்டா சிரிப்பீங்க. வருஷத்துக்கு 1,000 ரூபாய். ஒரு ஜோடி ஷூ வாங்கினா காலி. அரசு இதைக் கொஞ்சம் ஏத்தித் தரலாம், தப்பே இல்லை. 2023-ல் தொடங்கிய முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு பரவாயில்லை. அரசுப் பள்ளி மாணவர்கள் 1,000 பேருக்கு, டிகிரி முடிக்கிற வரைக்கும் வருஷம் 10,000 ரூபாய்.

'எனக்குப் பரீட்சை வேண்டாம், ஐடியா இருக்கு' என்பவர்களுக்கு இன்ஸ்பயர் மானக் விருது. உங்க ஐடியாவைப் பள்ளி மூலமா அனுப்பணும். தமிழிலேயே எழுதலாம். இங்கிலீஷ் பயமே வேண்டாம். தேர்வானா, மாடல் செய்ய 10,000 ரூபாய் உங்க பேங்க் அக்கவுன்ட்டுக்கே வரும்.

ஐடியாவுக்கு எங்கே போறதுன்னு கேட்டீங்கன்னா எனக்குக் கோபம் வரும். சின்ன வெங்காயத்துல திருகல் நோய் வந்து தாள் முறுக்கிக்கிட்டு நிக்குது. எந்த வயல்ல அதிகம், எந்த வயல்ல கம்மி, மழைக்கு எத்தனை நாள் கழிச்சு வருது? உங்க அப்பாவுக்குத் தோராயமாத் தெரியும். நோட்டுல எழுதி வெச்சது யாரு? 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கன் படைப்புழு நம்ம மக்காச்சோளத்தை மேய்ஞ்சதை மறந்திருக்க மாட்டீங்க. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. அங்கே தினமும் விழுற மரத்தூள் என்ன ஆகுது? ஆலத்தூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம், கல்லாகப் படுத்திருக்கு. வயசு சுமார் 12 கோடி வருஷம். 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற புவியியலாளர் கண்டுபிடிச்சுச் சொன்னார். அதுக்கு முன்னாடியும் ஆடு மேய்ச்சவங்க அதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க.

சந்தேகம் கேட்க ஆளில்லைன்னும் சொல்ல முடியாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே வேப்பந்தட்டையில்தான் இருக்கு. விஞ்ஞானியைப் பார்க்க சென்னைப் பையன் அப்பாயின்ட்மென்ட் வாங்கணும். நீங்க சைக்கிள்ல போகலாம்.

நாளைக்கு ஸ்கூலுக்குப் போனதும் சயின்ஸ் சார்கிட்டயோ டீச்சர்கிட்டயோ இந்த வருஷம் எந்தெந்தத் தேர்வு, எப்போ கடைசித் தேதின்னு மூணையும் நாலையும் சேர்த்துக் கேட்டு, ரஃப் நோட்டு அட்டையில எழுதிக்கோங்க. வருமானச் சான்றிதழை இப்பவே எடுத்து வெச்சுடுங்க. கடைசி நாள்ல இ-சேவை மையத்துல நிக்கிற கூட்டம் இருக்கே... அது தனி கட்டுரை!

தலைப்பு கிடைக்காதவங்களுக்கு என்னோடதைத் தரேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அந்த 4 குழாயையும் பார்த்தேன். 2 புதுசா மாத்தியிருக்காங்க. மிச்சம் 2 இன்னும் ஒழுகுது. மக் எங்க வீட்டுலயே இருக்கு, வந்து வாங்கிக்கோங்க. இந்த தடவை 30 நாள் அளங்க.